ரேக்குக்குப் பின்னால் ஒரு வீடு

ஆபீசில் அவரை எல்லோரும் நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தொன்று. பெயர் வந்த கதை பெரிதல்ல. சர்வர்களை ரேக் என்னும் ஆளுயர இரும்பு அலமாரியில் மாட்டுவதற்குச் சின்னச் சின்னச் சதுர நட்டுகள் வேண்டும். மாட்டி முடித்த பிறகு நாலைந்து மிஞ்சும். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், மறந்துபோவார். அவர் வீட்டு வாஷிங் மெஷின் கடகடவென்று அலறினால், ஆள் ஊர் திரும்பிவிட்டார் என்று மாடி வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்வார்கள்.

கம்பெனி விற்கிற சர்வர்களை, வாங்கியவர் இடத்துக்கே போய் மாட்டி ஓடவிட்டு வருவது அவர் வேலை. மாட்டுவதற்கு ஒரு மணி நேரம் போதும். போய் வர இரண்டு நாள். மற்ற நாட்களெல்லாம் மனிதர்கள் செய்துவைத்திருக்கும் விநோதங்களுக்கு. ஓர் ஊரில் சர்வர் வந்து இறங்கியிருக்கும், அதைத் தாங்கும் தண்டவாளக் கம்பிகள் வேறு ஊருக்குப் போயிருக்கும். இன்னோர் ஊரில் ரேக்கின் ஆழம் போதாமல், சர்வர் டாக்டரிடம் நாக்கை நீட்டுவது போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு முறை தரை, சுவர், குளிர்சாதனம், கதவில் பெயர்ப்பலகை எல்லாம் கச்சிதமாக இருந்த ஓர் அறையில், கரண்டுக்கு ஒரு பிளக் பாயிண்ட் கூட இல்லை. கேட்டதற்கு அந்த ஆபீஸ் நிர்வாகி, இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறோமே, பேட்டரி உள்ளேயே இருக்கும் என்று நினைத்தோம் என்றார்.

இப்படியே மாதத்தில் இருபத்திரண்டு நாள் வெளியூர். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் நட்டுவின் பெயர் நாலாவதாக இருந்தது. மூன்றாவது, எதிர்வீட்டுப் பல் டாக்டர். அந்த டாக்டரோடு இவர்கள் இரண்டு தடவைதான் பேசியிருக்கிறார்கள்.

மனைவி பிசியோதெரபிஸ்ட். முட்டி, தோள், இடுப்பு என்று மடங்க மறுக்கிற எதையும் மடக்கிக் காட்டுவார். அவர் வேலை பார்க்கும் கிளினிக்கில், காலைப் பிரிவுக்குப் பொறுப்பேற்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார்கள். ஆறரைக்கே அங்கே இருக்க வேண்டும். மகளைக் கிளப்பிப் பள்ளிக்கூடத்தில் விடுவது யார்? கூடவே இருக்கிற அவருடைய அப்பாவுக்கு முட்டி சரியில்லை. பிசியோதெரபிஸ்ட் மகள் சொல்லிக்கொடுக்கும் உடற்பயிற்சியை மட்டும் செய்ய மாட்டார். அதனால் மனைவி இரண்டு முறையும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். இப்போது மூன்றாவது முறை கேட்டிருக்கிறார்கள், சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

"நாலாவது தடவை யாரும் கேக்க மாட்டாங்க" என்று மட்டும் கணவரிடம் சொன்னார். அதற்கு மேல் ஏதாவது சொல்லியிருந்தால் நட்டுவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் நேரே மேனேஜரிடம் போனார். வெளியூர் போகாமல், வீட்டில் இருந்தபடியே தூரத்து சர்வர்களைக் கவனிக்கும் ஒரு பதவியைக் கம்பெனி புதிதாக உண்டாக்கியிருந்தது. அது தனக்கு வேண்டும் என்று கேட்டார். மேனேஜர் இருபது வருடம் ஊர் ஊராகப் போய் சர்வர் மாட்டியவர். போன இரண்டு வருடமாகத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அதுவும் முள்ளின் மேல் உட்கார்ந்தது மாதிரி. இரும்பைத் தொடாமல் இரும்பு வேலையா என்பது அவர் கட்சி. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். மெத்தை செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு ஒரு சர்வர் போகிறது. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நட்டு வீட்டில் இருந்தபடியே அதை மாட்டவைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பகலில் தொழிற்சாலை முதலாளி கண் முன்னால் அது ஓடினால் சீட்டு அவருக்கு. ஒரே ஒரு தடவை அங்கே கால் வைத்தாலும் பேச்சே கிடையாது.

மெத்தைத் தொழிற்சாலையில் நட்டுவுக்குக் கையும் காலுமாக வாய்த்தவர் அங்கே ஸ்டோர் பொறுப்பில் இருந்த அம்மாள். ஐம்பது தாண்டியவர். சர்வரைப் பார்த்ததும், இத்தனை எடைக்கு இரண்டு பேர் படுக்கிற மெத்தையே செய்துவிடலாமே என்றார். ஆனால் கெட்டி. வீடியோவில் நட்டு சொல்லச் சொல்ல, சுமை தூக்குகிற இரண்டு பேரை வைத்துக்கொண்டு சர்வரை ரேக்கில் ஏற்றிவிட்டார். உள்ளே தள்ளும்போது சொடக்கு மாதிரி சத்தம் வரும் வரை தள்ளச் சொன்னார் நட்டு.

"சத்தம் வந்துடுச்சு தம்பி" என்றார் அந்த அம்மாள். "ஆனா அது என் முதுகு."

திங்கள் முதல் வியாழன் மதியம் வரை எல்லாம் எண்ணெய் போட்டது போல ஓடியது. வியாழன் மூன்று மணிக்குப் பாக்கி இருந்தது ஒரே வேலை: சர்வரின் பழைய நெட்வொர்க் விலாசத்தை எடுத்துவிட்டுப் புதிய விலாசம் கொடுப்பது. இரண்டே வரி. இதற்கு ஒரு முறை உண்டு. புதிய விலாசத்தை முதலில் கொடுத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே பழையதை எடுக்க வேண்டும். அதற்கும் முன்னால், பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி திரும்பிவிடும்படி ஒரு டைமர் போட்டுக்கொள்ள வேண்டும். கை தவறினாலும் பத்து நிமிடம் காத்திருந்தால் கதவு திறந்துவிடும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை நட்டு ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார்.

அன்றைக்கு, இரண்டு வரிக்கு எதற்கு டைமர் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து மாமனார் வந்து, குறுக்கெழுத்துப் புதிரில் ஐந்து எழுத்தில் நீர்வாழ் உயிரினம் எது என்று கேட்டார். யோசித்துக்கொண்டே நட்டு பழைய விலாசத்தை எடுத்துவிட்டார். புதியதை இன்னும் கொடுக்கவில்லை. திரை அப்படியே நின்றது.

வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை ஜன்னல் வழியாக உள்ளே வீசியவருடைய நிலைமை. ஸ்டோர்கார அம்மாள் சர்வரை அணைத்துப் போட்டுப் பார்த்தார். செய்ததை சர்வர் விசுவாசமாக நினைவு வைத்திருந்தது. அந்த அறையில் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. யாராவது ஒருவர் லேப்டாப்பைக் கொண்டுபோய் நேராக அதில் செருக வேண்டும். அந்த யாராவது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போட்டார். பிறகு சொன்னார்:

"போய்ட்டு வந்துடுங்க. ஆனா வீட்ல இருக்கற மாதிரி போய்ட்டு வாங்க."

வீட்டில் படுத்துக்கொண்டு வேலையில் இருப்பதாக நடிக்கிறவர்கள் நிறையப் பேர். வேலையில் போய் நின்றுகொண்டு வீட்டில் இருப்பதாக நடிக்கப்போகிற முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று நட்டு நினைத்தார். ஏற்பாடுகள் நடந்தன. வீட்டு மேஜையில் உள்ள கம்ப்யூட்டரின் மவுஸ் அவ்வப்போது அசைந்தால், ஆபீஸ் திரையில் நட்டுவின் பெயர் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். ஐந்து நிமிடம் அசையாவிட்டால் மஞ்சளாகிவிடும். மவுஸை அசைக்கும் பொறுப்பு மாமனாரிடம் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு முதல் முறையாக ஓர் உத்தியோகம். மனிதர் ராத்திரி சாப்பிட்ட கையோடு பழகிப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணி பஸ்ஸில் ஏறி, பத்து மணிக்கு நட்டு தொழிற்சாலையின் பின்வாசலில் நின்றார். ஸ்டோர்கார அம்மாள் நேரில் பார்த்ததும், வீடியோவில் இன்னும் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தீர்களே என்றார். மெத்தைப் பஞ்சு அடுக்குகளுக்கு நடுவே அவரை நடத்திக்கொண்டுபோய் மாடியிலிருந்த சர்வர் அறையில் விட்டார். லேப்டாப்பைச் செருகி, விலாசத்தைச் சரி செய்து, ஒன்றுக்கு மூன்று முறை சோதித்துப் பார்க்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது. சர்வர் சமர்த்தாக ஓடியது. மனைவிக்கு 'முடிந்தது' என்று செய்தி அனுப்பினார். பதினொன்றே காலுக்குத் திரும்பும் பஸ். முதலாளி பன்னிரண்டுக்குப் பார்க்கும்போது, பஸ் ஜன்னலோரத்தில் சாய்ந்துகொண்டு போனிலேயே எல்லாவற்றையும் காட்டிவிடலாம்.

அப்போது மாமனாரின் அழைப்பு வந்தது. ரகசியம் பேசுகிற குரல்.

"மாப்பிள்ளை, உங்க மேனேஜர் ஏதோ எழுதியிருந்தார். பதில் போடலேன்னா தப்பா நெனப்பாரேன்னு அந்தக் கட்டைவிரல் படத்தை அழுத்திட்டேன்."

"என்ன எழுதியிருந்தார் மாமா?"

"படிக்கல. கண்ணாடி உள் ரூம்ல இருக்கு. எழுந்து போனா பச்சை போயிடுமே."

நட்டு தன் போனில் அதைத் தேடிப் படித்தார். தாமே நேரில் வந்துகொண்டிருப்பதாகவும், முதலாளி பக்கத்தில் நின்றே பார்க்கப் போவதாகவும், பதினொரு மணிக்கு அங்கே இருப்பதாகவும் மேனேஜர் எழுதியிருந்தார். கடைசியில் 'சரிதானே?' என்று ஒரு கேள்வி. அதன் கீழே மாமனாரின் கட்டைவிரல் கம்பீரமாக நின்றது. மணி பத்து ஐம்பத்திரண்டு.

எட்டு நிமிடம் இருக்கிறது என்று கணக்குப் போடுவதற்குள் ஸ்டோர்கார அம்மாள் உள்ளே வந்தார். முதலாளியும் இன்னொருவரும் மாடிப்படி ஏறிவிட்டார்கள் என்றார். அறைக்கு ஒரே கதவு. ரேக்குக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஒன்றரை அடி இடம் இருந்தது. நட்டு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தார். லேப்டாப் வெளியே நின்றுவிட்டது. அம்மாள் பதறவில்லை. கையிலிருந்த பஞ்சு சாம்பிளை அதன் மேல் போட்டு, அதன் மேல் தன் பதிவேட்டை வைத்துவிட்டு, ஏதோ எழுதுவது போல நின்றார்.

சர்வர் அறைகளைப் பற்றி வெளியாட்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. முன்பக்கம் இருக்கிற குளுமை பின்பக்கம் கிடையாது. முன்னால் குளிர்ந்த காற்றை உறிஞ்சி, உள்ளே இருக்கும் சூட்டையெல்லாம் வாரிப் பின்னால் துப்புவதுதான் அந்த மெஷினின் பிழைப்பு. மேனேஜரும் முதலாளியும் முன்னால் நின்று, ஆகா என்ன குளிர்ச்சி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நட்டு அடுப்பில் வைத்த பாத்திரமாக நின்றார்.

மேனேஜர் பெருமையாக விளக்கினார். எங்கள் ஆள் இந்த ஊர்ப் பக்கமே வரவில்லை, இந்த நிமிடம் வீட்டில் அரைக்கால் டிரவுசரில் உட்கார்ந்திருப்பான், எல்லாம் அங்கிருந்தே என்றார். முதலாளிக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை. பெட்டி ஓடுவது தெரிகிறது, அவர் வீட்டிலிருந்து ஓட்டுகிறார் என்பதற்கு என்ன அடையாளம் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மேனேஜர் நட்டுவைப் போனில் கூப்பிட்டார். சத்தத்தை அணைத்துவைத்திருந்த போன் நட்டுவின் உள்ளங்கையில் துடித்தது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, 'மாமனார் தூங்குகிறார், எழுதி அனுப்புங்கள்' என்று போட்டார். காலை பதினொரு மணிக்கு என்ன தூக்கமோ என்று மேனேஜர் முணுமுணுப்பது கேட்டது. பிறகு செய்தி வந்தது: முதலாளி பார்க்கட்டும், முன்பக்க நீல விளக்கைச் சிமிட்ட வை.

எல்லா சர்வரிலும் அப்படி ஒரு விளக்கு உண்டு. நூறு சர்வர் இருக்கும் கூடத்தில் எதைத் தொட வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்காக வைத்தது. தூரத்திலிருந்து கட்டளை கொடுத்தால் விநாடிக்கு ஒரு முறை சிமிட்டும். கட்டளை கொடுக்க லேப்டாப் வேண்டும். அது பஞ்சுக்கும் பதிவேட்டுக்கும் அடியில் இருந்தது. போனில் அதற்கு வழி செய்துவைக்கவில்லை. ஆனால் அதே விளக்குக்கு சர்வரின் பின்பக்கத்திலும் ஒரு பொத்தான் உண்டு. கையால் அழுத்தினால் விளக்கு எரியும், சிமிட்டாது. இன்னொரு முறை அழுத்தினால் அணையும்.

நட்டு அழுத்தினார். மறுபடி அழுத்தினார். மறுபடி. தானே சிமிட்டலாகிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

முன்னால் முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். அங்கிருந்து இவ்வளவு தூரம் கண்ணடிக்கிறாரே என்றார். மேனேஜர் முதலில் கூடச் சேர்ந்து சிரித்தார். பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. இருபது வருடம் அந்த விளக்கைப் பார்த்த கண்கள் அவருடையவை. அது கடிகாரம் மாதிரி சிமிட்டும். இது தாளம் தெரியாதவர் கைதட்டுவது மாதிரி சிமிட்டியது. நடுவில் ஒரு முறை வெகுநேரம் எரிந்தபடியே நின்றது. நட்டு அப்போது நெற்றி வியர்வையை வழித்துவிட்டு விரலை மாற்றிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் போனைச் சட்டைப் பையில் போட்டார். கைகளைக் கட்டிக்கொண்டார். சர்வரைப் பார்த்துச் சாதாரணக் குரலில் சொன்னார்:

"போதும்."

விளக்கு அணைந்தது.

முதலாளிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "பேச்சையும் கேக்குமா?"

"சில நேரம் கேக்கும்" என்றார் மேனேஜர்.

முதலாளி வேறு வேலையாகக் கிளம்பினார், ஸ்டோர்கார அம்மாளும் கூடவே போனார். மேனேஜர் ஐந்து நிமிடத்தில் வருவதாகச் சொல்லி நின்றுகொண்டார். கதவு மூடியதும் ரேக்கின் பக்கம் திரும்பாமலே, "வெளிய வா, வெந்துடுவே" என்றார்.

நட்டு பக்கவாட்டில் ஊர்ந்து வெளியே வந்தார். முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

நட்டு எதையும் மறைக்கவில்லை. மனைவியின் வேலை, மூன்றாவது தடவை, சனிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் முதலில் கேட்டது இதுதான்: எங்கே தவறியது? பழைய விலாசத்தை முதலில் எடுத்துவிட்டதை நட்டு சொன்னார். டைமர் போட்டாயா என்று கேட்டார். போடவில்லை என்றார். மேனேஜர் பெருமூச்சு விட்டார். இதே தவறைத் தானும் செய்து, ஒரே ஊருக்கு ஒரே வாரத்தில் இரண்டு தடவை ரயிலேறியிருப்பதாகச் சொன்னார். இரண்டாவது தடவை எதற்கு என்று கேட்கிற துணிச்சல் நட்டுவுக்கு அப்போது இல்லை.

"ஆனா பேச்சு பேச்சுதான்" என்றார் மேனேஜர். "நீ கால் வச்சுட்டே. அந்த சீட்டை உனக்கு எப்படிக் குடுக்க?"

நட்டு தலையாட்டினார். வாதாட இடமில்லை. அப்போது மனைவியின் அழைப்பு வந்தது. விசிறிகளின் இரைச்சலில் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் காலைல ஒம்பது மணிக்கே சரின்னு சொல்லிட்டேங்க" என்றது போன். "உங்க வெளியூர் வேலை கொறையட்டும், அப்பறம் சொல்லலாம்னுதான் ரெண்டு தடவை விட்டேன். இந்தத் தடவை நான் சொல்லிட்டேன். உங்க பக்கத்தை நீங்க பாத்துக்கோங்க." கொஞ்சம் நிறுத்தி, "அதென்ன இரைச்சல்? இன்னும் அங்கேயா இருக்கீங்க? உங்க மேனேஜருக்குத் தெரியறதுக்குள்ள கெளம்புங்க."

மேனேஜர் போனை நோக்கிக் குனிந்தார். "தெரிஞ்சுடுச்சும்மா."

நட்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு சார்" என்றார் மனைவி. "உங்ககிட்டயே சொல்லணும்னு இருந்தேன். திங்கக்கெழமைலேருந்து காலைல எட்டரை வரைக்கும் அவருக்கு வீட்ல வேலை இருக்கு. வெளியூர் போக முடியாது. பேஷன்ட் காத்திட்டிருக்காங்க, வச்சுடறேன்."

வைத்தும் விட்டார். மேனேஜர் இருபது வருடத்தில் முதலாளிகள், இன்ஜினியர்கள், சுங்க அதிகாரிகள் எத்தனையோ பேரோடு பேரம் பேசியிருக்கிறார்.

"கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லலாம்" என்றார். "இவங்க கேக்கவே இல்லையே."

அது நட்டுவுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒரு வாரமாகச் சீட்டு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். காலையில் மகளை யார் விடுவது என்பது கேட்கிற விஷயமே இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அந்தப் புதுப் பதவி கிடைக்காவிட்டால் வேறு எந்த வேலையாவது கொடுங்கள், எட்டரைக்கு முன்னால் நான் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்றார். முதுகில் சட்டை ஒட்டியிருந்ததால் நெஞ்சு நினைத்த அளவுக்கு நிமிரவில்லை.

"அப்போ ஊர் ஊரா யாருய்யா போறது?"

கதவுப் பக்கம் ஸ்டோர்கார அம்மாள் லேப்டாப்பை எடுத்துக் கொடுக்க வந்து நின்றிருந்தார்.

"ஏன் சார், நீங்க நல்லாத்தானே வந்து சேந்தீங்க?" என்றார்.

மேனேஜர் கோபப்படத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அவர் கை, உள்ளே வந்ததிலிருந்தே ரேக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. எங்கோ தளர்ந்திருந்த ஒரு திருகை விரல் தானாகத் திருகிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காலையில் அவசியமே இல்லாமல் நான்கு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தவர் அவர். வந்ததற்குக் காரணம் கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது. திறந்த வாயை மூடிக்கொண்டு, அந்தத் திருகை இறுக்கி முடித்தார்.

திங்கட்கிழமை காலை நட்டு மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டார். ஒன்று காதுக்கு மேலேயும் ஒன்று காதுக்குக் கீழேயும் வந்தது. மகள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, குல்லாய் போட்டுக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னாள். பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, அலுவலகத்தில் போய் அந்தப் பட்டியலில் தன் பெயரை முதலாவதாக மாற்றி எழுதச் சொன்னார். எழுதுகிறவர், நீங்கள் யார் என்று கேட்டார். அப்பா என்றார். அடையாள அட்டையைக் காட்டிய பிறகு மாற்றினார்கள்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்வதற்குள் மேனேஜரிடமிருந்து வீடியோ அழைப்பு. வேறோர் ஊர், வேறொரு ரேக். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. ஒரு பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இப்போதெல்லாம் என்ன கர்மத்தைச் செய்து அனுப்புகிறார்கள், எதிலும் பொருந்த மாட்டேன் என்கிறது என்று புகார் சொன்னார். நட்டு பார்த்தவுடனே என்னவென்று புரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தார்.

"மெதுவாச் சொல்லு" என்றார் மேனேஜர், போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து. "இங்க நாலு பேர் பாத்துட்டிருக்காங்க."

"தலைகீழாப் புடிச்சிருக்கீங்க சார்" என்றார் நட்டு, தன்னால் முடிந்த அளவு மெதுவாக.